சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பசை வாங்குங்கள்: துளை போடாமல் நெட்வொர்க் கேபிள் கொண்டுபோவது

கல்லடியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. ரவுட்டர் முன் ஹோலில் இருக்கிறது. மகள் உயர்தரத்துக்குப் படிப்பது கடைசி அறையில். நடுவில் இருக்கும் கொங்கிரீட் சுவர்களைத் தாண்டி வைஃபை அங்கே போய்ச் சேர்வதில்லை. ஏறத்தாழ 18 மீட்டர் கேபிள் இழுக்க வேண்டும். சுவரில் ட்ரில் வைக்கவே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிய டபுள் டேப்பும் ஒட்டும் கிளிப்பும் ஒரு கிழமைக்குள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிட்டன. கொங்கிரீட்டில் நிற்கக்கூடிய நல்ல டேப் எது என்று கேட்கிறார்.

தம்பி, ஒரு டேப்பின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதே சுவரில் அதே மாதிரி ஒட்டினால் அதுவும் விழும். முதலில், விழுந்த கிளிப் ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் டேப் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, சுவரின் மேல்படலம்தான் அதோடு சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. பின்பக்கம் சுத்தமாக, தொட்டால் இன்னும் ஒட்டுகிற மாதிரி இருந்தால் சுவர் ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருந்திருக்கும், இல்லாவிட்டால் ஒட்டியவுடனேயே கேபிளை மாட்டியிருப்பீர்கள். ஸ்பொஞ்ச் பாதி சுவரிலும் பாதி கிளிப்பிலுமாகக் கிழிந்திருந்தால் மட்டுமே டேப் மட்டமானது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. உங்கள் வீட்டில் முதலாவதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

பசை எதுவானாலும் அது பிடிப்பது சுவரின் ஆக மேலே இருக்கிற படலத்தைத்தான். உள்ளே எவ்வளவு உறுதியான கொங்கிரீட் இருந்தாலும் அதற்கு அது தெரியாது. சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்தப் படலம் வெறும் தூள். மலிவான டிஸ்டெம்பரும் கிட்டத்தட்ட அப்படித்தான். எமல்ஷன் பெயின்ட் அடித்து நன்றாகக் காய்ந்த சுவர் நல்ல சுவர். ஆனால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே எமல்ஷன் அடித்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் பெயின்ட் தோலோடு உரிந்து வரும். வாடகை வீடுகளில், ஆள் மாறும்போது அவசரமாக அடிக்கிற பெயின்ட் பெரும்பாலும் இந்த வகை. பெயின்டே அடிக்காத சாந்துப் பூச்சில் மணல் உதிரும்.

சோதிப்பது சுலபம். கறுப்புத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள், துணி வெளுத்தால் தூள் சுவர். அப்புறம் பார்சல் ஒட்டுகிற டேப்பில் ஒரு சாண் எடுத்து, கதவுக்குப் பின்னால் மறைவான இடத்தில் அழுத்தி ஒட்டிவிட்டு வெடுக்கென்று இழுங்கள். சுத்தமாக வந்தால் அந்தச் சுவரில் நம்பி ஒட்டலாம். பெயின்ட் செதில் செதிலாக வந்தால் அந்தச் சுவரில் எந்தப் பசைக்கும் காசு செலவழிக்காதீர்கள்.

இன்னொன்று, சுவரின் அடிப்பகுதி. தரையிலிருந்து ஈரம் மேலே ஏறும், அந்த ஈரத்தோடு உப்பும் வரும். ஈரம் காய்ந்ததும் உப்பு பூத்துப் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, அந்தப் பக்கம் கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க இதைப் பார்க்கலாம். ஈரம் ஏறுவது பொதுவாக ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான். தரையோடு ஒட்டிக் கேபிள் போனால் கண்ணுக்குத் தெரியாது என்று எல்லாரும் அதைத்தான் விரும்புகிறார்கள். எங்கள் கரையில் அதுதான் ஆக மோசமான இடம். மேலே, சீலிங்குக்குக் கீழே கொண்டுபோங்கள். அங்கே சுவர் காய்ந்திருக்கும், பிள்ளைகளின் கையும் தும்புத்தடியும் படாது.

இனி கேபிளைப் பார்ப்போம். கேட்-6 என்கிற நெட்வொர்க் கேபிள் வகை ஒரு மீட்டர் சுமார் 40 கிராம்தான் இருக்கும். உங்கள் 18 மீட்டரும் சேர்ந்து ஒரு கிலோ வராது. அப்படியானால் கிளிப் ஏன் விழுகிறது? சுருளாக இருந்த கேபிள் மறுபடியும் சுருளப் பார்க்கிறது. அந்தத் தெறிப்புத்தான் ஒவ்வொரு கிளிப்பையும் இரவும் பகலும் மெல்ல மெல்ல நெம்புகிறது. பசை நேரான இழுவையைத் தாங்கும், ஓரத்திலிருந்து உரிக்கிற இழுவைக்குத்தான் தோற்கும். ஆகவே ஒட்டுவதற்கு முதல் நாளே கேபிளைப் பிரித்து, ஹோல் நீளத்துக்கு நேராக்கி, இரண்டு முனையிலும் பாரம் வைத்து ஒரு இரவு விடுங்கள். நேராக்குகிறேன் என்று பலமாக இழுத்துவிடாதீர்கள், 11 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையில் உள்ளே சோடி சோடியாக இருக்கிற கம்பிகளின் முறுக்கு கெடும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதி கிளிப்புகள் விழாது. யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஒட்டாமலே எவ்வளவு தூரம் போகலாம் என்றும் பாருங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் யன்னலுக்கும் கதவுக்கும் மேலே காற்றோட்டத்துக்கென்று சீமெந்தில் பூவேலை செய்த துவாரங்கள் இருக்கும். அறைக்கு அறை போக அதைவிட நல்ல வழி கிடையாது, துளை ஏற்கெனவே கட்டும்போதே போட்டாகிவிட்டது. முனையில் பிளக் போட்ட கேபிளே பெரும்பாலும் அதற்குள் நுழையும். நுளம்பு வலை அடித்திருந்தால் ஒரு மூலையை மட்டும் நெகிழ்த்தி, கேபிளை விட்டுத் திரும்ப மூடுங்கள். யன்னல் கிரில் இருந்தால் கேபிள் டையால் கம்பியில் கட்டுங்கள். கதவு நிலை மரமாக இருந்தால், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன் மேல் ஓரத்தில் சின்ன ஆணிக் கிளிப் அடிக்கலாம். மரத்தில் விழும் ஊசித்துளை பிறகு மெழுகு வைத்தால் தெரியாது. பழைய தொலைபேசி வயர் போன குழாய் சுவருக்குள் இருந்தால் அதிர்ஷ்டம், பழைய வயரின் நுனியில் புதிய கேபிளைக் கட்டி மறுமுனையில் இழுங்கள். ஆனால் கரண்ட் வயர் போகிற குழாய்க்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். 230 வோல்ட் வயரின் உறை எங்காவது உரிந்திருந்தால் அது ரவுட்டருக்கும் கணினிக்கும், கடைசியில் பிள்ளையின் கைக்கும் வரும்.

வீட்டுக்காரர் வேண்டாம் என்றது ட்ரில்லை மட்டுமா, ஆணியையுமா என்பதையும் கேளுங்கள். பலருக்குப் பயம் சத்தமும் தூசியும் பெரிய ஓட்டையும்தான். ஆணிக் கிளிப்புக்குச் சம்மதித்தால் வேலை மிகவும் சுலபம். நாம் கொங்கிரீட் சுவர் என்று சொல்வது பெரும்பாலும் சீமெந்துக் கல்லில் கட்டிச் சாந்து பூசிய சுவர். பூச்சு ஒன்று, ஒன்றரை சென்ரிமீட்டர் தடிப்பு இருக்கும், கிளிப்போடு வருகிற உருக்கு ஆணி அதற்குள் நன்றாகவே நிற்கும். உண்மையான கொங்கிரீட் தூணிலும் பீமிலும் யன்னலுக்கு மேலிருக்கிற லின்டலிலும் ஆணி இறங்காது. வளையும், அல்லது தெறிக்கும், பூச்சு ஒரு கை அகலத்துக்குப் பெயரும். தட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், தூணில் சத்தம் இறுக்கமாக இருக்கும். உருக்கு ஆணி முறிந்து தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து, ஆகவே கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் அடிக்க வேண்டாம், சுவருக்குள் வயர்க் குழாய் அந்த வழியாகத்தான் வரும். கிளிப்பின் அளவு கேபிளுக்குச் சரியாக 6 அல்லது 7 மில்லிமீட்டராக இருக்கட்டும். கேபிளை நசுக்கிக்கொண்டு அடித்த கிளிப்பைவிட விழுந்த கிளிப் பரவாயில்லை. விழுந்தது கண்ணுக்குத் தெரியும், நசுங்கியதால் வேகம் குறைவது ஏனென்று யாருக்கும் பிடிபடாது.

ஆணியும் கூடாது என்றால்தான் பசை. கடையில் தொங்குகிற சாதாரண வெள்ளை ஸ்பொஞ்ச் டேப்பில் இருப்பது பெரும்பாலும் ரப்பர்ப் பசை. உடனே ஒட்டும், சூட்டில் இளகும், மேற்கு வெயில் படுகிற சுவரில் மாதக்கணக்கில் நிற்காது. உங்களுக்கு வேண்டியது அக்ரிலிக் ஃபோம் டேப். திரீஎம் நிறுவனத்தின் வீஎச்பி என்பது அந்த வகை, வேறு நிறுவனங்களும் செய்கின்றன. இது எதிர்மாறானது. ஒட்டியதும் பலம் குறைவாக இருக்கும், பிறகு ஏறும். சாதாரண அறை வெப்பத்தில் 20 நிமிடத்தில் பாதிப் பலம், ஒரு நாளில் ஏறத்தாழ 90 சதவீதம், மூன்று நாளில் முழுப் பலம். ஆகவே கிளிப்புகளை மட்டும் இன்றைக்கு ஒட்டிவிட்டு, நாளைக்குப் பிறகு கேபிளை மாட்டுங்கள். அவசரப்பட்டு அன்றே மாட்டினால் நல்ல டேப்பும் கெட்ட பெயர் வாங்கும். கழற்றும்போது சுவருக்குச் சேதம் வராது என்று விற்கிற கமாண்ட் வகைப் பட்டிகள் வழுவழுப்பான பெயின்ட் சுவருக்கும் ஓடுக்கும் நல்லவை. சொரசொரப்பான பூச்சுக்கு அவை ஏற்றதல்ல, அதைச் செய்கிறவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

சொரசொரப்பான சுவரில் டேப் மேடுகளின் உச்சியை மட்டும்தான் தொடும். அங்கே பள்ளத்தை நிரப்புகிற பசை வேண்டும். பொலியூரிதேன் அல்லது ஹைபிரிட் வகைக் கட்டுமானப் பசை டியூபில் கிடைக்கும், பயறளவு போதும். சிலிக்கன் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வினாகிரி மணம் அடிக்கிற சிலிக்கன் கண்ணாடிக்கும் ஓடுக்கும் உரியது. அதிலிருந்து வெளிவருகிற அமிலம் சீமெந்தின் காரத்தோடு சேர்ந்து நடுவில் ஒரு தூள் படலத்தை உண்டாக்கிவிடும், சில நாளில் முழுசாகக் கையோடு வரும். நியூட்ரல் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவையெல்லாம் காற்றின் ஈரத்தில் வெளியிலிருந்து உள்ளே இறுகுபவை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். அதுவரை கிளிப்பை மாஸ்கிங் டேப்பால் பிடித்து வையுங்கள். ஆனால் வாடகை வீட்டில் இந்தப் பசையைக் கடைசி வழியாகவே வைத்திருங்கள். எடுக்கும்போது பெயின்டும், சில இடத்தில் பூச்சும் சேர்ந்து வரும்.

குளூ கன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குளிர்ந்த கொங்கிரீட்டில் பட்டதும் அது உறைந்துவிடுகிறது, பிடிப்பதற்கு நேரமே இல்லை. வெயில் சுவரில் இளகவும் செய்யும். சூப்பர் குளூ இறுகியதும் கண்ணாடி மாதிரி உடையும். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

சுவர் தூள் சுவர்தான், வேறு வழியில்லை என்றால்? கேபிள் போகிற வழியில் மட்டும், இரண்டு விரல் அகலத்தில், சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தூளை எடுங்கள். காய்ந்த பிரஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வோல் பிரைமர் ஒரு கை அடியுங்கள். பிரைமர் தூளுக்குள் ஊறி அதைக் கெட்டியாக்கும். ஒரு நாள் காய்ந்த பிறகு அதன் மேல் அக்ரிலிக் டேப் ஒட்டலாம். நிறம் சற்று வேறுபடும் என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சுவர் புதிதாகப் பூசியது என்றால் ஒரு மாதமாவது போகட்டும், பச்சைச் சீமெந்தின் ஈரமும் காரமும் எந்தப் பசையையும் வாழவிடாது.

எந்தக் காலத்தில் ஒட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். கார்த்திகை, மார்கழியில் வாடை அடித்து மழை பெய்கிற நாட்களில் சுவர் தொட்டாலே சில்லென்று இருக்கும். அப்போது ஒட்டாதீர்கள், இரண்டு மூன்று நாள் வெயில் வரட்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும், ஆனால் காலையில் துடைத்த சுவரில் மத்தியானமே புழுதி படிந்திருக்கும். ஆகவே யன்னலைச் சாத்திவிட்டு, துடைத்த கையோடு ஒட்டுங்கள். கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்புப் படலத்தைத் துடைத்து, காயவிட்டு, எமல்ஷன் சுவராக இருந்தால் ஃபார்மசியில் கிடைக்கிற ஐசோபுரோப்பில் அல்கஹோலால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். குசினிப் பக்கச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அங்கே சவர்க்கார நீரும் தேவைப்படும்.

தனித்தனிக் கிளிப்பைவிட, சின்னப் பிவிசி கேசிங்கை, அதாவது கேபிளை உள்ளே வைத்து மூடுகிற பிளாஸ்டிக் பட்டையை, நான் அதிகம் விரும்புகிறேன். பட்டை நேராகவும் விறைப்பாகவும் இருப்பதால் கேபிளின் தெறிப்பு ஒரு புள்ளியில் விழாமல் நீளம் முழுக்கப் பரவுகிறது. பார்வைக்கும் ஒரு கோடுதான் தெரியும், சுவர் நிறத்தையே அதன் மேல் அடித்துவிட்டால் அதுவும் மறையும். கேசிங்கின் முதுகில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் டேப்பை நம்ப வேண்டாம், அதை உரித்துவிட்டு நல்ல டேப் போடுங்கள். கையால் பூசிய சுவர் நேராக இருக்காது, நேரான பட்டை நடுவில் எம்பி நிற்கும். எம்புகிற இடத்தில் டேப்பை இரட்டிப்பாகப் போடாமல் பட்டையை அங்கே வெட்டி இரண்டு துண்டாக ஒட்டுங்கள்.

கிளிப் வைப்பதானால் கிடையாகப் போகும்போது 30 சென்ரிமீட்டருக்கு ஒன்று, நிலைக்குத்தாக இறங்கும்போது 50 சென்ரிமீட்டருக்கு ஒன்று. மூலைக்கு இரு பக்கமும் நாலைந்து சென்ரிமீட்டருக்குள் ஒவ்வொன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தெறிப்பு அதிகம் இருப்பது மூலையில்தான். மூலையில் கேபிளை மடிக்காதீர்கள். அதன் தடிப்பைப் போல நாலு மடங்கு ஆரை வேண்டும், அதாவது இரண்டரை சென்ரிமீட்டர் ஆரையில் ஒரு வளைவு. கரண்ட் வயரோடு நெடுகவும் ஒட்டிக்கொண்டு போக வேண்டாம், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

கேபிளைப் பற்றி இரண்டு சொல். 100 மீட்டர்வரை, கேட்-6க்கு ஒரு படி கீழான கேட்-5இ கேபிளே ஒரு கிகாபிட் (1000 மெகாபிட்) வேகம் கொடுக்கும், வீட்டுக்கு அது தாராளம். கேட்-5இ கொஞ்சம் மெல்லியது, வளைந்து கொடுக்கும், ஒட்டுவதற்குச் சுகம். தட்டைக் கேபிள் சுவரோடு அழகாகப் படியும், கதவிடுக்கிலும் போகும். ஆனால் உள்ளே இருக்கிற கம்பி மெல்லியது, 18 மீட்டருக்குத் தரமானதாகப் பார்த்து வாங்க வேண்டும், அதன் வழியே கமராவுக்கு மின்சாரம் அனுப்பக்கூடாது. செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாக வரும், வளைத்தால் முறியும், வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் ஒட்டுவதற்கு முன் தரையில் போட்டே இரு முனையையும் செருகிக் கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 வர வேண்டிய இடத்தில் 100 மட்டும் காட்டினால் நாலு சோடியில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. 100க்கு இரண்டு சோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும்.

வெளிச்சுவர் வழியாகப் போகலாமா என்று யோசிப்பீர்கள். போகலாம், ஆனால் அங்கே டேப் வேண்டாம். பீலியிலிருந்து இறங்குகிற குழாயில் கறுப்புக் கேபிள் டையால் கட்டுங்கள். கேபிளும் வெளிப்பாவனைக்கான கறுப்பு உறையுள்ளதாக இருக்க வேண்டும், வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிற உறை வெயிலில் வெடித்துவிடும். உள்ளே நுழைகிற இடத்துக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பக்கத்து வீட்டுக்கோ பின்வளவில் இருக்கிற கட்டடத்துக்கோ செம்புக் கேபிள் இழுப்பதை மட்டும் நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி முழங்குகிற எங்கள் ஊரில், கிட்ட விழுகிற ஒரு மின்னல் அந்தக் கேபிள் வழியாக இரண்டு வீட்டுச் சாமான்களையும் எரிக்கப் போதும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, செம்புக்குப் பதில் ஒளியால் வேலை செய்கிற ஃபைபர் கேபிள் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் செய்வது இதுதான். ரவுட்டருக்குப் பின்னாலிருந்து கேசிங்கில் நேரே மேலே ஏற்றி, ஹோல் சுவரில் சீலிங்குக்குக் கீழே கொண்டுபோய், முதல் அறைக்குக் கதவுக்கு மேலிருக்கிற காற்றுத்துவாரத்தால் நுழைத்து, அங்கிருந்து அடுத்ததற்கும் அப்படியே. இறங்குகிற இடத்தில் மகளின் மேசைக்குப் பின்னால் மறுபடியும் ஒரு துண்டுக் கேசிங். ஒட்ட வேண்டிய நீளம் பாதியாகக் குறையும். கேபிளை 18க்குப் பதில் 22 மீட்டராக வாங்குங்கள், ஏறி இறங்குவதற்கு அது போகும்.

வீடு மாறும்போது டேப்பை நேராகப் பிடித்து இழுக்க வேண்டாம், பெயின்ட் போய்விடும். தலைமயிர் காயவைக்கிற டிரையரால் சூடாக்கி, மீன்பிடிக்கிற தங்கூசியைக் கிளிப்புக்கும் சுவருக்கும் நடுவே விட்டு இரு கையாலும் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுங்கள். ஃபோம் நடுவால் வெட்டுப்படும். சுவரில் மிஞ்சுகிறதைப் பெருவிரலால் உருட்டி எடுங்கள். மண்ணெண்ணெய் வைக்காதீர்கள், கறை ஊறிவிடும். எங்காவது பெயின்ட் பெயர்ந்தால் கொஞ்சம் வோல் ஃபில்லர் தடவித் தேய்த்து அதே நிறத்தைப் பூச வேண்டியதுதான். அதற்கு அந்தப் பெயின்டின் நிறமும் எண்ணும் தேவைப்படும், ஒட்டுவதற்கு அனுமதி கேட்கப் போகும்போதே வீட்டுக்காரரிடம் அதையும் கேட்டு எழுதி வையுங்கள்.